படையல் வைத்த அறையின் கணினி

விசிறி என்றால் ஒரே சீராகச் சுற்ற வேண்டும். தூசி ஏறினால் கரகரக்கும். அச்சுத் தேய்ந்தால் ஊளையிடும். எதுவானாலும் விடாமல் ஒரே சத்தமாக இருக்கும். அந்தி மங்கிய அந்த மம்மல் பொழுதில் கணினிப் பெட்டியின் பின்பக்கத்திலிருந்து பஞ்சலிங்கத்துக்குக் கேட்ட சத்தம் விட்டு விட்டு வந்தது. முதலில் ஒரு இழுவை. பிறகு ஒரு சின்ன நிறுத்தம். பிறகு வெடித்த குழலுக்குள்ளால் காற்றுப் போவதுபோல மெல்லிய ஒரு சீழ்க்கை. திரும்பவும் நிறுத்தம்.

அவர் ஸ்குறூட்றைவரை மேசையில் வைத்துவிட்டுக் காது கொடுத்தார். வெளியே அரியாலை முழுக்க மழை. மோட்டர்க் கொட்டில் தகரத்தில் விழுகிற மழை, வாழை இலையில் விழுகிற மழை, கூரைப் பீலியால் வழிந்து வாளிக்குள் விழுகிற மழை என்று ஒவ்வொன்றையும் பிரித்துக் கேட்க முடிந்தது. அறைக்குள் விளக்குத்திரி கருகிய மணம், சாம்பிராணி மணம், ஈரம் ஊறிய பேப்பர்க் கட்டின் புளித்த வாசம். அவ்வளவுக்கும் நடுவில் அந்த இழுவை.

திரையில் எல்லாம் ஒழுங்காகவே வந்திருந்தது. மனைவி செத்த எட்டாம் நாள், எட்டுச்செலவு அன்று நின்றுபோன பெட்டி அது. பிறகு எத்தனை தரம் பொத்தானை அமத்தினாலும் இருட்டுத் திரையோடு நீளமாகக் கத்திவிட்டு அடங்கிவிடும். சந்தியில் கணினி திருத்துகிற கோபிசங்கருக்கு அவர் காலையில் போன் போட்டிருந்தார்.

"அங்கிள், நீட்டுக்குக் கத்துதெண்டால் மெமரி றாம்தான். கழற்றி அந்தத் தங்கக் கலர்ப் பல்லுகளை அழிறப்பராலை தேச்சுப்போட்டு, டக்கெண்டு சத்தம் கேக்க இறுக்கிப் போடுங்கோ."

"எனக்கு உது சரிவருமோ தம்பி? கடைக்குக் கொண்டு வரட்டோ?"

"உந்த மழைக்குள்ளை தூக்கிக்கொண்டு வந்தால் பிறகு றாம் என்ன, எல்லாத்தையும்தான் மாத்த வேணும். பிளக்கைக் கழற்றிப்போட்டுச் செய்யுங்கோ. கரண்ட் அடிச்சால் அந்தியேட்டிச் செலவு இரட்டிப்பாப் போடும்." சொல்லிவிட்டு அவன் உடனே குரலைத் தாழ்த்தினான். "குறை நினையாதேங்கோ அங்கிள். வாயிலை வந்திட்டுது."

பஞ்சலிங்கம் குறை நினைக்கவில்லை. குணலட்சுமி செத்த பிறகு அவருக்குச் சிரிப்பு வந்த முதல் கதை அதுதான்.

பெட்டி ஓடியே ஆக வேண்டியிருந்தது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வருகிற சனத்தின் கையில் கொடுக்கிற, கல்வெட்டு என்கிற நினைவுப் புத்தகத்துக்கு அட்டைப்படம் வேண்டும். குணலட்சுமி சிரித்துக்கொண்டு நிற்கிற ஒரே படம் அதற்குள்தான் கிடந்தது. அந்தப் படம்தான் வேண்டும் என்று கனடாவிலிருந்து மகள் ஆரணி அழுதாள். ஒரே பிள்ளை. அங்கே அவளுக்கு இன்னும் வதிவிடப் பேப்பர் சரிவரவில்லை. வெளிக்கிட்டால் திரும்பிப் போக முடியாது. தாயின் செத்தவீட்டுக்கும் அவளால் வர முடியவில்லை.

ஆனால் தாய் செத்ததை முழுதாகப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் இந்தக் கதிரையில் இருந்து, இந்தத் திரையைப் பார்த்துக் கதைத்துக்கொண்டிருக்கும்போதுதான் குணலட்சுமிக்குத் தொய்வு வந்து மூச்சு இழுக்கத் தொடங்கியது. பஞ்சலிங்கம் வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் மாறிக்கொண்டு நின்றார். மோட்டர்ச் சத்தத்துக்குள் அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. மோட்டரை நிப்பாட்டிய பிறகுதான் கேட்டது, வீட்டுக்குள்ளிருந்து மகள் "அப்பா, அப்பா" என்று குளறுகிற சத்தம். அவர் ஓடி வந்தபோது குணலட்சுமியின் தலை மேசையில் சாய்ந்திருந்தது.

அந்த இழுப்பு அவருக்குத் தெரியும். கலியாணம் கட்டிய நாள் முதல் அதன் பக்கத்தில் படுத்து எழும்பியவர். இழுவை, நிறுத்தம், சீழ்க்கை.

அவர் கோபிக்குத் திரும்ப எடுத்தார். "தம்பி, படம் வந்திட்டுது. ஆனால் பின்பக்கத்துப் பான் ஒரு மாதிரிச் சத்தம் போடுது."

"இறுகியிருக்கும் அங்கிள். தையல் மெசின் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கோ. பிறகு ஒரு பேப்பர்த் துண்டைப் பிடிச்சுப் பாருங்கோ. காத்து வெளியிலை தள்ளினால் சரி."

எண்ணெய் விட்டார். பேப்பரில் ஒரு நாடா கிழித்துக் கம்பி வலைக்கு முன்னால் பிடித்தார். அது வெளிப்பக்கமாகப் பறந்தது. சரி, நல்லதுதான். பிறகு நாடா மெல்ல மெல்லத் தாழ்ந்தது. தாழ்ந்து, உள்ளே இழுபட்டு வலையோடு ஒட்டிக்கொண்டது. கொஞ்சம் பொறுத்து வெளியே பறந்தது. திரும்ப ஒட்டிக்கொண்டது.

விசிறி ஒரு பக்கமாகத்தான் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் குனிந்து பார்த்தார். ஒரே பக்கமாகத்தான்.

உள்ளங்கையை வைத்தார். சூடாக இருந்தது. ஈரமாகவும் இருந்தது.

அப்போதுதான் தங்கச்சி சிவகௌரி இடியப்பமும் சொதியும் கொண்டு வந்தாள். குடையைச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே வந்தவள் அறை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அண்ணை, உது என்ன சத்தம்?"

"பான்."

"பானோ? எனக்கே கதை விடுறியள்?" அவள் சீலைத்தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். "நான் அண்டைக்கே தலைபாடாய் அடிச்சனான். படையல் வைச்சுக் கதவைச் சாத்தினால் ஒரு கண்ணும் பாக்கக்கூடாது எண்டு. கேட்டனீங்களே?"

அவர் கேட்கவில்லை. எட்டுச்செலவு அன்று, மனைவியின் உயிர் போன இந்த அறையில்தான் படைத்தார்கள். குணலட்சுமிக்குப் பிடித்த ஒடியல் கூழ், பாரைக் குழம்பு, தட்டை வடை, வெற்றிலை. எல்லாம் வாழையிலையில் வைத்து, செத்த ஆள் வந்து பசியாறட்டும் என்று கதவைச் சாத்துகிற நேரம் திரையிலிருந்து ஆரணி கெஞ்சினாள். "அப்பா, என்னை நிப்பாட்டாதேங்கோ. செத்தவீட்டுக்கும் நான் வரேல்லை. இதிலையாவது ஒரு மூலையிலை நிண்டு பாக்கிறன்." ஆரால் முடியும், அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிப்பாட்ட? அவர் கணினியை அப்படியே விட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்.

விறாந்தையில் எல்லாரும் காத்திருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் சாத்திய கதவுக்குள் ஆரணி கதைப்பது கேட்டது. "அம்மா... ஓம் அம்மா... என்னட்டையும் ஒருக்கா வந்திட்டுப் போங்கோ அம்மா." சிவகௌரி நெஞ்சில் கை வைத்தாள். செத்ததைப் பெயர் சொல்லியும் கூப்பிடக்கூடாது, முறை சொல்லியும் கூப்பிடக்கூடாது. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் ஒருக்கால் மங்கி எழும்பியது. உள்ளே டக் என்று ஒரு சத்தம். கதவைத் திறந்தபோது திரை இருட்டு. அதற்குப் பிறகு அந்தப் பெட்டி ஓடியது இன்றைக்குத்தான்.

"பாதி வழியிலை அறுத்துப்போட்டியள்," என்றாள் சிவகௌரி. இடியப்பப் பெட்டியை வாசலிலேயே வைத்துவிட்டு மழைக்குள் இறங்கினாள். குடையை எடுக்க மறந்துவிட்டாள்.

படத்தை அச்சகத்துக்கு அனுப்பினார். பெட்டியை நிப்பாட்ட மனம் வரவில்லை. ஆரணி போன் எடுத்தபோது சொல்லாமல் இருந்திருக்கலாம். அவருக்குப் பொய் வராது.

"பிள்ளை, ஒண்டைக் கேள். பயப்பிடாதை." போனைக் கம்பி வலையோடு பிடித்தார்.

அந்தப் பக்கத்திலிருந்து மெதுவாக, "அம்மா," என்றாள் ஆரணி. "அப்பா, அது அம்மா. நிப்பாட்டிப்போடாதேங்கோ. கும்பிட்டுக் கேக்கிறன்."

அவர் நிப்பாட்டவில்லை. அந்த அறையிலேயே பாயைப் போட்டார். முதல் நாள் அவருக்கு அது ஆறுதலாக இருந்தது. வீட்டில் ஒரு மூச்சு இருந்தது; "இஞ்சாருங்கோ" என்று குணலட்சுமி அவரைக் கூப்பிடாததுதான் குறை. அடுப்படியில் தேத்தண்ணி போடும்போதும் அது கேட்டது. ஒரு கோப்பை கூட ஊற்றிவிட்டார். அதைக் கொட்டவும் மனம் வராமல் மேசையில் கொண்டுபோய் வைத்தார்.

மறுநாள் இழுப்புக் கூடியது. சீழ்க்கை நீண்டது. நிறுத்தமும் நீண்டது. என்ன செய்வதென்று தெரியாமல் அலுமாரியைத் திறந்து குணலட்சுமி தொய்வுக்கு அடிக்கிற பம்பை எடுத்து வந்தார். குலுக்கினார். கம்பி வலைக்கு முன்னால் பிடித்து, அது உள்ளே இழுக்கிற நேரம் பார்த்து அமத்தினார். தான் செய்வது விசர் வேலை என்று அவருக்குத் தெரிந்தது. ஆனால் சீழ்க்கை குறைந்தது. மூச்சு ஆறுதலாக வந்தது. அவர் பெட்டியின் தகரத்தைத் தடவிக்கொடுத்துக்கொண்டு அழுதார்.

அந்தியேட்டிக்கு முதல் நாள் பின்னேரம் பம்ப் வெறும் காற்றைத் தள்ளியது. வேறு பம்ப் வாங்கக் கடைக்குப் போக வேட்டியை மாற்றிக்கொண்டு நின்றவருக்கு அப்போதுதான் பெரிய இழுப்பு கேட்டது. தகரம் அதிர்ந்தது. இழுவை. இழுவை. வெளியே விடவே முடியாத இழுவை. இடையில் தொண்டைக்குள் ஏதோ அடைத்து விக்குகிற சத்தம்.

அவருக்கு விளங்கியது. தான் பாத்திக்குள் நின்ற நேரம் குணலட்சுமி பட்டது இதுதான். எட்டன்று வந்தவள் வழி அறுந்து, அந்தக் கடைசி இழுப்புக்குள்ளேயே அகப்பட்டு நிற்கிறாள். அவர் திருத்தித் திருத்தி, எண்ணெய் விட்டு விட்டு, அவளை அதற்குள்ளேயே வைத்திருக்கிறார்.

ஆரணிக்கு எடுத்தார். வீடியோவில் வந்தாள். அவளுக்கு அங்கே காலை. குசினிக் கதிரையில் இருந்தாள். பின்னால் யன்னல், யன்னலுக்கு வெளியே பனி.

"பிள்ளை, அம்மா பாவம். கேக்குதே உனக்கு? நாளைக்கு அந்தியேட்டி. விடுவம். போகட்டும்."

"எங்கை அப்பா போறது? ஆரட்டைப் போறது?"

"அது எங்களுக்குத் தெரியாது மோனை."

"நான் அண்டைக்குப் பாத்துக்கொண்டு இருந்தனான் அப்பா. அவ்வளவு நேரமும். கையை நீட்டினன். கண்ணாடிதான் பட்டது." அவள் விரலைத் திரைக்குக் கிட்ட நீட்டினாள். "அப்ப என்னட்டை விடுங்கோ."

"விசர்க்கதை கதையாதை."

அவர் போனை மேசையில் சாத்தி வைத்துவிட்டுப் பொத்தானை அமத்திப் பிடித்தார். திரை அணைந்தது. இழுப்பு நிற்கவில்லை. சுவரில் பிளக்கைப் பிடுங்கினார். நிற்கவில்லை. பக்கத் தகடைக் கழற்றினார். விசிறி நின்றுபோயிருந்தது. இழுப்பு மட்டும் வந்தது. றாமை உருவினார். டிஸ்கைக் கழற்றினார். காசு மாதிரி இருந்த வட்டப் பற்றறியை நகத்தால் நெம்பினார். விசிறியை வயரோடு பிய்த்தார். பவர் சப்ளையை இழுத்தபோது விரல் வெட்டுப்பட்டது. ஒவ்வொன்றாகப் பேப்பரில் வைத்தார்.

வெறும் தகரப் பெட்டி.

அதற்குள் இழுவை. நிறுத்தம். இழுவை.

"குணம்," என்றார். "போம்மா. என்னாலை கேக்கேலாமல் கிடக்கு. போ."

பின்னாலிருந்து, போனில், ஆரணி மெல்லச் சொன்னாள்: "அம்மா, இஞ்சாலை வாங்கோ."

பெட்டி நின்றது.

மழையும் விட்டிருந்ததை அவர் அப்போதுதான் கவனித்தார். பீலியில் ஒரு சொட்டு. அவ்வளவுதான். வெறும் தகரத்தில் காதை வைத்துப் பார்த்தார். குளிர்ந்திருந்தது. அழுகை வந்தது. "போயிட்டா, பிள்ளை," என்று சொல்லிக்கொண்டு திரும்பினார். "அம்மா போயிட்டா."

ஆரணி ஒரு கையை நெஞ்சில் வைத்திருந்தாள். தோள் இரண்டும் மேலே எழும்பின. கீழே இறங்கவில்லை.

ஒரு இழுவை.

"பிள்ளை?"

சின்ன நிறுத்தம். சீழ்க்கை.

ஆரணிக்குத் தொய்வு இல்லை. பிறந்ததிலிருந்து ஒரு நாளும் இல்லை.

"பிள்ளை, பக்கத்திலை ஆரும் இருக்கினமோ? கதவைத் திற. ஆரையும் கூப்பிடு. ஆரணி!"

அவள் மேசையைப் பிடித்துக்கொண்டு திரைக்குக் கிட்ட வந்தாள். உதடு கறுத்திருந்தது. கழுத்துக் குழி உள்ளே போனது, உள்ளே போனது. அவரை நேராகப் பார்த்தாள். மகள் பார்க்கிற பார்வை அது இல்லை.

"இஞ்சாருங்கோ," என்றாள். மிச்சத்தைச் சொல்ல மூச்சு இல்லை.

அவர் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குளறினார். பெயர் சொல்லிக் குளறினார். எந்தப் பெயரைச் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை. விரல் கண்ணாடியில் வழுக்கியது. இரத்தம்.

பிறகு அவள் அசையவில்லை. வாய் திறந்தபடி, கண் திறந்தபடி.

படம் இறுகிவிட்டது என்று நினைத்தார். சிக்னல் போய்விட்டது என்று நினைத்தார். கொஞ்சம் பொறுத்தால் வரும் என்று பார்த்துக்கொண்டே நின்றார்.

அவளுக்குப் பின்னால், யன்னலில், பனி விழுந்துகொண்டே இருந்தது.