சிரித்தால் ஒழுகும்

"இந்த மாஸ்க் ஒழுகுது!"

கடை மேஜை மேல் டைவிங் மாஸ்க் வந்து விழுந்தது. விலைச்சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

எதிரே ஓர் ஆள். தலையிலிருந்து நீர் சொட்டுகிறது. பக்கத்து நீச்சல் குளத்து நீரா, வெளியே பெய்யும் மழையா... தெரியவில்லை. கண்கள் மட்டும் உலர்ந்திருந்தன. வெகுநாளாக மழையே பார்க்காத கண்கள். மூக்குக்குக் கீழே அடர்த்தியாக ஒரு மீசை.

"காலைத் துடைச்சுட்டு உள்ள வரணும் சார்."

"மாஸ்க்குக்குள்ள தண்ணி வராம இருந்தா, நானும் சொட்டாம வருவேன்."

அடேயப்பா... பேச்சுக்குக் குறைச்சல் இல்லை.

யார் என்று அவளுக்குத் தெரியும். அவள் அண்ணன்தான் குளத்தில் ஸ்கூபா டைவிங் கற்றுக்கொடுக்கிறான். கப்பல் பட்டறையிலிருந்து ஒரு வெல்டர் புதிதாகச் சேர்ந்திருப்பதாகச் சொல்லியிருந்தான். நீருக்கடியில் வெல்டிங் செய்யப் பட்டறையில் ஆள் எடுக்கிறார்கள். குளத்தில் தேறினால் வேலை. இல்லாவிட்டால் இல்லை.

"பட்டையை மாட்டாதீங்க. சும்மா முகத்துல வையுங்க. மூக்கால இழுத்து மூச்சைப் பிடிங்க. இப்ப கையை விடுங்க. பொருந்தின மாஸ்க்னா அப்படியே ஒட்டிக்கிட்டு நிக்கும்."

கையை விட்டான். விழுந்தது.

அதையே எடுத்துத் தன் முகத்தில் வைத்து இழுத்தாள். ஒட்டிக்கொண்டது. தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக் காட்டினாள்.

"மாஸ்க் ஒழுகல சார். மீசை ஒழுகுது. ரப்பர் விளிம்பு முடி மேல உக்கார்ந்தா இடுக்குல தண்ணி புகுந்துடும்."

"வேற மாஸ்க் குடுங்க."

கொடுத்தாள். அடுத்த வாரம் அது மேஜைக்குத் திரும்பியது. அதற்கடுத்ததும் திரும்பியது. மழையும் விடுவதாக இல்லை. வெல்டருக்கு 'மீசை' என்று பெயர் வைத்தாள். முதலில் மனசுக்குள்... பிறகு வாய்விட்டே.

"மீசை சார், தண்ணிக்குள்ள சிரிச்சீங்களா?"

"ஏன்?"

"சிரிச்சா கன்னம் மடியும். அந்த மடிப்புல ஒழுகும்."

"நான் சிரிக்கற ஆள் இல்ல."

"அது பார்த்தாலே தெரியுது."

அவன் போன பிறகும் மேஜையில் ஈரம் இருந்தது. துடைக்கத் துணியை எடுத்தாள்... துடைக்கவில்லை. அண்ணன் எட்டிப் பார்த்தான்.

"ஊருக்கெல்லாம் மாஸ்க் பொருத்தம் பார்க்கிறா. வர்ற மாப்பிள்ளைகள்ல மட்டும் ஒண்ணும் பொருந்த மாட்டேங்குது."

"போண்ணா... வேலையைப் பாரு."

தேர்வுக்கு முதல் நாள் வெல்டர் மறுபடி வந்தான். கையில் இன்னொரு மாஸ்க். அவளுக்கு அலுப்பு. அதற்குள் ஏதோ ஓர் உரிமையும் சேர்ந்திருந்தது.

"ஒரு நிமிஷ வேலை. எடுத்துடுங்களேன்."

"மீசையை எடுக்க முடியாது."

"கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசைன்னா எப்படி மீசை சார்?"

சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. கை தானாக உயர்ந்து வாயை மூடியது. திரும்பி மழைக்குள் போனான். மாஸ்க்கைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

"என்னடி சொன்ன அவனை?" என்றான் அண்ணன். "பாவம், பொண்டாட்டியைப் பறிகொடுத்தவன். இந்த வேலையையாவது பிடிச்சுக்கலாம்னு வந்திருக்கான். மாஸ்க்குல புகுந்த தண்ணியை மூக்கால ஊதி ஊதி வெளியேத்திக்கிட்டே இருந்தா நாளைக்கு எப்படித் தேறுவான்?"

நாக்கைக் கடித்துக்கொண்டாள். ராத்திரி முழுக்கக் கூரையில் மழை... அவள் கண்ணுக்குள் வாயை மூடிய அந்தக் கை.

காலையில் கடை திறக்க வந்தபோது, கதவருகே அவன் நின்றிருந்தான்.

"நேத்து நான் பேசினது தப்பு. மன்னிச்சுடுங்க. மீசை இருக்கட்டும். வேற ஏதாவது தேடுவோம்."

அலமாரியில் இருந்த அத்தனை மாஸ்க்கையும் மேஜையில் பரப்பினாள். மீசையில் வாஸ்லின் தடவச் சொன்னாள். வாளியில் தண்ணீர் வைத்து முகத்தை முக்கச் சொன்னாள். ஒவ்வொன்றாக ஒழுகின. கடைசியும் ஒழுகியது.

"நான் அண்ணன்கிட்ட சொல்றேன். அடுத்த தடவை தேர்வுல இறங்கலாம். நீங்க இப்படியே இருங்க."

முகத்தைத் துடைத்துக்கொண்டே அவன் அவளைப் பார்த்தான். பேச ஆரம்பித்தான்.

"பிறக்கும்போதே எனக்கு உதடு பிளந்திருந்துச்சு. தச்சு விட்டாங்க. பள்ளிக்கூடத்துல என்னென்னவோ பேர் வச்சாங்க. மீசை முளைச்சதுக்கப்புறம் யாரும் அதைப் பார்த்தது இல்ல. என் பொண்டாட்டிக்கு மட்டும் தெரியும். அந்தத் தழும்பு மேல ஒரு விரலை வச்சுக்கிட்டுத்தான் தூங்குவா."

அவள் ஒரு மாஸ்க்கைத் துடைத்தாள். துடைத்ததையே மறுபடி துடைத்தாள்.

"இதை எடுத்தா அவளுக்குன்னு இருந்தது ஊருக்கு ஆயிடும்னு தோணுது... ஆனா அவ இருந்திருந்தா இந்நேரம் என்னைத் திட்டித் தீர்த்திருப்பா. ஒரு தழும்புக்காக வேலையை விடறீங்களாக்கும்னு."

வாளித் தண்ணீரில் தன் மீசையைப் பார்த்தான்.

"உள்ள கண்ணாடி இருக்கா?"

"இருக்கு. அண்ணனோட ரேசரும் இருக்கு. பிளேடு புதுசு."

அவன் வெளியே வந்தபோது கை வாயை மூடியிருந்தது. அவள் காத்திருந்தாள். மெல்லக் கையை இறக்கினான்.

மூக்கிலிருந்து உதட்டுக்கு வெளிறிய ஒரு கோடு. அவ்வளவுதான். அவள் பார்வையை விலக்கவில்லை. இரக்கமாகவும் பார்க்கவில்லை. வேலையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"நீங்க வெல்டர். நீங்களே சொல்லுங்க. இணைப்பு எப்படி?"

அவன் திகைத்தான். பிறகு, "பரவாயில்ல... கை தேர்ந்த ஆள்தான் போட்டிருக்கார்" என்றான்.

கையில் கிடைத்த மாஸ்க்கை வைத்து வாளியில் முகத்தை முக்கினான். தழும்பு மேட்டில் துளி கசிந்தது. அவள் ஆணியில் தொங்கிய தன் சொந்த மாஸ்க்கை எடுத்தாள். பழசு. ரப்பர் மெத்தென்றிருக்கும். மேடு பள்ளத்துக்கு வளைந்து கொடுக்கும்.

மூக்கால் இழுத்தான். கையை விட்டான்.

நின்றது.

குளத்திலிருந்து அண்ணனின் விசில். ஓடினான். அவள் கல்லாவுக்கும் வாசலுக்கும் நடந்தாள். யாரோ காலில் மாட்டி நீந்தும் துடுப்பு கேட்டார்கள். கையுறையை எடுத்துக் கொடுத்தாள்.

மழை விட்டிருந்தது. மாஸ்க் மறுபடி மேஜையில் வந்து விழுந்தது.

"இந்த மாஸ்க் ஒழுகுது."

அவளுக்குத் திக்கென்றது. "ஐயோ... தேறலையா?"

"தேறிட்டேன். ஆனா ஒழுகுச்சு. கன்னத்துப் பக்கம்."

"கன்னத்துலயா? நல்லாத்தானே உக்கார்ந்துச்சு?"

"குளத்து அடியில உக்கார்ந்திருந்தேனா... தண்ணிக்குள்ள சிரிக்காதீங்கன்னு ஒருத்தங்க சொன்னது ஞாபகம் வந்துச்சு. அவங்க முகமும் வந்துச்சு." குரல் இறங்கியது. "சிரிச்சுட்டேன்."

அவள் காது மடல் சிவந்தது. மாஸ்க்கை அவனிடம் நீட்டினாள்.

"போடுங்க. சோதிக்கணும். மூச்சைப் பிடிங்க. பேசக் கூடாது."

மாஸ்க் கண்ணாடிக்குப் பின்னே அந்தக் கண்கள்... இப்போது ஈரமாய், மிக அருகில். கேட்பதற்கு இதைவிட நல்ல சமயம் வாய்க்காது.

"இனிமே உங்களை மீசைன்னு கூப்பிட முடியாது. என்னன்னு கூப்பிடறதுன்னு யோசிச்சேன்." தரையைப் பார்த்தாள். "வீட்டுல கூப்பிடற மாதிரி... 'என்னங்க'ன்னு கூப்பிடட்டுமா?"

அவன் மூச்சைப் பிடித்திருந்தான். அந்த வார்த்தையைக் கேட்டு எத்தனை காலம்... முதலில் கண் சிரித்தது. பிறகு கன்னம் மடிந்தது. தழும்பு ஏறி உதடு விரிந்தது.

மாஸ்க் நழுவியது. அவள் பிடித்துக்கொண்டாள்.

"விழுந்துடுச்சே..." என்றாள்.

"விழட்டும்" என்றான். "இன்னொரு தடவை கூப்பிடு."