கழுத்தளவுத் தண்ணீர்

செல்போன் அலறியது!

இன்ஸ்பெக்டர் மேகலா அப்போதுதான் காபியின் முதல் வாயை உறிஞ்சியிருந்தாள்.

"மேடம்... நான் பரிதி... எம்.எல்.ஏ. இராஜாங்கம் ஐயாவோட பி.ஏ. பேசுறேன். ஐயாவைக் கடத்திட்டாங்க மேடம்!"

காபி புரையேறியது.

"எங்கேருந்து? யாரு?"

"வாக்கிங் போன இடத்துலேருந்து... ஆம்னி வேன்ல வந்து... மூஞ்சில துண்டைக் கட்டிக்கிட்டு..."

மேகலா தொப்பியைத் தேடி எடுப்பதற்குள் மறுபடி போன். மறுபடி பரிதி.

ஐயா கிடைத்துவிட்டாராம்! சொட்டச் சொட்ட நனைந்து, பட்டுக்கோட்டை ரோட்டில் தானாகவே நடந்து வந்தாராம்!

"கடத்துன கையோட திருப்பிக் குடுத்துட்டானுங்களா? வெச்சுச் சமாளிக்க முடியலை போலிருக்கு மேடம்" என்றபடி ஏட்டு பக்கிரி ஜீப்பைக் கிளப்பினார்.

"ஏட்டய்யா, ரோட்டைப் பாருங்க."

ரோட்டைப் பார்த்தால் இராஜாங்கம்தான் தெரிந்தார். திரும்பின பக்கமெல்லாம் ஃபிளெக்ஸ். 'கடைமடைக் காவலர்' என்று யானை சைஸ் எழுத்து. ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை ஊர்கள்தான் அவருடைய கோட்டை. இளம் வயதில் காய்ந்த வாய்க்காலுக்குள் உட்கார்ந்து பட்டினி கிடந்து தண்ணீர் கொண்டு வந்தவர். அந்த நன்றிக்கு ஜனங்கள் தேர்தலுக்குத் தேர்தல் கண்ணை மூடிக்கொண்டு குத்தினார்கள்.

அடுத்த தேர்தல் நெருங்கும் நேரத்தில் இப்போது கண்ணைத் திறந்துவிட்டார்கள் போலிருக்கிறது. பாதி ஃபிளெக்ஸில் ஐயாவின் முகத்தில் சாணி!

ஆஸ்பத்திரிக் கட்டிலில் இராஜாங்கம் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பரிதி. ஒல்லியாக, பவ்யமாக, கையில் ஒரு பிளாஸ்டிக் பையோடு.

"என்னைக் கொல்லப் பாத்தானுங்கம்மா! பிடாரி வாய்க்கால்ல தூக்கிப் போட்டானுங்க. கழுத்தளவு தண்ணி! என்னா இழுப்புங்கறே... நீச்சல் தெரிஞ்சதால உசுரு தங்குச்சு!"

"ஆளு யாருன்னு அடையாளம் தெரிஞ்சுதாங்கய்யா?"

"மூஞ்சி தெரியலை. குரல் தெரிஞ்சுது..." இராஜாங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ரெத்தினம்! எங்கூட ஒரே தட்டுல சாப்பிட்ட பய!"

பரிதி பையை நீட்டினான்.

"ஐயா போட்டிருந்த வேட்டி, சட்டை மேடம். சாட்சிக்கு ஆகும்ல... பிரிச்சுப் பாருங்க. மறந்துடாதீங்க."

அதற்குள் டி.எஸ்.பி.யின் போன்.

"மேகலா, ரெத்தினத்தைத் தூக்கு. கொலை முயற்சி. மதியத்துக்குள்ள ரிமாண்ட். ஐயா பண்ணை வீட்டுல பிரஸ் மீட் வெச்சிருக்காரு. அதுக்கு முன்னாடி எனக்கு அரெஸ்ட் வேணும்."

"விசாரிச்சுட்டு சார்..."

"தூக்கிட்டு விசாரிம்மா!"

ரெத்தினம் வயல் வரப்பில் உட்கார்ந்திருந்தார். அறுபதைத் தாண்டிய ஆள். ஜீப்பைப் பார்த்ததும் எழுந்தார். ஓடவில்லை.

"என்னைத்தானே தேடி வந்தீங்க? வாட்ஸ்அப்புல பாத்தேன். நான் ஐயாவைத் தூக்கிட்டேனாம்! தூக்குனது வாஸ்தவந்தான் மேடம். அவரு ஜெயிச்ச அன்னைக்கு, இந்தத் தோளுல, ஊரு பூரா!"

"இப்ப ரெண்டு பேருக்கும் என்ன சண்டை?"

"பயிரைப் பாருங்க."

மேகலா பார்த்தாள். மயிலாடுதுறைக்காரி அவள். வீட்டுக்குப் பின்னால் காவிரி ஓடப் பார்த்து வளர்ந்தவள். கதிர் வந்த வயல் இப்படி வெடித்துக் கிடந்து அவள் பார்த்ததில்லை.

"பால் பிடிக்கிற நேரம் மேடம். ஒரே ஒரு தண்ணி. அது கெடைச்சா நெல்லு, இல்லேன்னா பதரு. பொங்கல் கழிச்சு எங்க முறைக்கு ஷட்டரைத் தொறக்க ஐயாதான் வந்தாரு. மேளம், மாலை, கேமரா! பூவை அள்ளித் தண்ணியில தூவுனாரு. 'ஐயா, போன தடவையும் பூ தூவுனீங்க, தண்ணி எங்க ஊருக்கு வரவே இல்லையே'ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டுட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"'தொறந்தாச்சுல்ல... தானா வந்து சேரும்'னாரு. அந்த வீடியோதான் ஊரு ஊராப் போயி, அவரு ஃபிளெக்ஸுல சாணியா விழுந்துருக்கு."

மேகலா பெருமூச்சு விட்டாள். நல்ல மனுஷன். ஆனால் மேலிடத்து உத்தரவு!

"ஜீப்புல ஏறுங்க. அதுக்கு முன்னாடி, ஐயாவைத் தள்ளுன இடத்தை நான் பாக்கணும். பிடாரி வாய்க்கால் எங்கே இருக்கு?"

ரெத்தினம் விநோதமாகப் பார்த்தார்.

"நீங்க நிக்கிறது அதுக்குள்ளதான் மேடம்!"

மேகலா குனிந்தாள்.

காலடியில் புழுதி! இரண்டு ஆடுகள் நட்டநடு வாய்க்காலில் படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தன.

"கழுத்தளவு..." என்று முணுமுணுத்தாள்.

"படுத்துக்கிட்டாக்கூட முதுகு நனையாது மேடம்" என்றார் பக்கிரி.

மேகலாவுக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த விநாடியே கோபம் வந்தது. தண்ணீருக்காகவே தலைவரான மனுஷன்! வாய்க்காலில் தண்ணீர் வந்ததா என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. தான் பூ தூவினால் வந்திருக்கும் என்று அவரே நம்பியிருக்கிறார்!

சரி... அப்படியானால் ஐயா எதில் நனைந்தார்?

பிரிச்சுப் பாருங்க, மறந்துடாதீங்க...

ஜீப்பில் கிடந்த பையைப் பிரித்து உதறினாள். சட்டைப் பையிலிருந்து வெள்ளியாக ஒன்று நழுவி விழுந்தது.

ஒரு மீன் குஞ்சு!

"கட்லா மேடம்" என்று பக்கிரி எடுத்துப் பார்த்தார். "வளர்ப்பு மீனு. ஐயா பண்ணை வீட்டுல குட்டை வெட்டி இதைத்தான் விட்டுருக்காரு. காணும் பொங்கலுக்கு நம்ம டி.எஸ்.பி. வீட்டுக்குக்கூட ரெண்டு வந்துச்சே!"

"ஜீப்பைத் திருப்புங்க!"

பண்ணை வீட்டு வாசலில் கேமராக்கள் கூட்டம். இராஜாங்கம் புது வெள்ளை வேட்டியில், நெற்றியில் பிளாஸ்திரியோடு குமுறிக்கொண்டிருந்தார்.

"என் உயிரே போனாலும் கடைமடை மக்களுக்காகத்தான்..."

மேகலா அவரைத் தாண்டி நேராகக் கொல்லைப்பக்கம் நடந்தாள். கேமராக்கள் பின்னாலேயே ஓடின.

குட்டையா அது? குட்டி ஏரி! தளும்பத் தளும்ப நின்றது. ஓரத்தில் பிடாரி வாய்க்கால். அதன் குறுக்கே பூட்டுப் போட்ட இன்னொரு ஷட்டர். ஷட்டருக்கு இந்தப் பக்கத்துத் தண்ணீர் மொத்தமும் ஆள் நுழையும் குழாய் வழியாகக் குட்டைக்குள் விழுந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கம் ஒரு சொட்டு இல்லை!

ஜீப்பிலிருந்து இறங்கி வந்த ரெத்தினம் அந்தத் தண்ணீரையே பார்த்தார். அழுதுவிட்டார்.

"எங்க தண்ணிய்யா இது..."

"ஐயா, கழுத்தளவு தண்ணி இங்கதானே இருந்துச்சு?" என்று மேகலா மீன் குஞ்சை நீட்டினாள். "கடத்தலும் இல்லை, வேனும் இல்லை. அனுதாப ஓட்டுக்கு ஒரு முங்கு. அப்படித்தானே?"

இராஜாங்கத்தின் முகம் செத்துப்போனது. சட்டென்று திரும்பினார்.

"டேய் பரிதி! பிடாரி வாய்க்கால்னு சொல்லச் சொன்னது நீதானேடா! குட்டை ரொம்புனதும் ஷட்டரைத் தொறந்து விட்டாச்சு, தண்ணி போகுதுன்னியே!"

"சொன்னேங்கய்யா."

"பொய்யி!"

"ஆமாங்கய்யா. நீங்க ஒரு நாளாச்சும் வந்து பாத்திருந்தா என் பொய் பலிச்சிருக்காது."

மேகலா பரிதியைக் கூர்ந்து பார்த்தாள்.

"அப்ப இந்த மீனு?"

"அதுவா வரலை மேடம். நான்தான் பிடிச்சு ஐயா பாக்கெட்டுல போட்டேன்." பரிதியின் குரலில் பவ்யம் குறையவே இல்லை. "மனு குடுத்தோம். மறியல் பண்ணோம். தண்ணி எங்கே நிக்குதுன்னு பாக்க ஒரு ஆபீசரும் இந்த காம்பவுண்டுக்குள்ள வரலை. எம்.எல்.ஏ.வைக் கடத்திட்டாங்கன்னா போலீஸ் வரும்ல? பிரஸ் மீட்டுன்னா கேமராவும் வரும்ல?"

"டேய்... நீ நம்ம ஆளுடா!" இராஜாங்கம் கிட்டத்தட்டக் கெஞ்சினார்.

"நான் கடைமடை ஆளுங்கய்யா. எங்கப்பாவோட வயலு ரெத்தினம் மாமா வயலுக்கு அடுத்தது. அங்க இன்னும் காயுது."



"தெரிஞ்சே பொய்க் கேசுக்குத் துணை போயிருக்கே. நீயும் உள்ளே போகணும் பரிதி" என்றாள் மேகலா. அதைச் சொல்ல அவளுக்குப் பிடிக்கவில்லை.

"தெரியும் மேடம். சட்டை எடுத்து வெச்சுட்டுத்தான் வந்தேன்."

பக்கிரி கடப்பாரையால் பூட்டை நெம்பினார். ரெத்தினம் ஷட்டரைத் தூக்கினார். புழுதி படிந்த வாய்க்காலுக்குள் தண்ணீர் சலசலத்துக்கொண்டு ஓடியது. மேளமில்லை, பூவுமில்லை.

ரெத்தினம் உட்கார்ந்து வந்த ஜீப் சீட்டில் இப்போது இராஜாங்கம். பக்கத்தில் பரிதி. வண்டி பாதி தூரம்கூடப் போகவில்லை, இராஜாங்கம் முனகினார்.

"தொண்டை வறளுது... கொஞ்சம் தண்ணி குடும்மா..."

மேகலா பாட்டிலின் மூடியைத் திருகித் திறந்து, தன் மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"தொறந்தாச்சுங்கய்யா... தானா வந்து சேரும்!"