குடைக் கம்பெனியின் எட்டுகள்

ஷாங்காய் பங்குச் சந்தையில் மனிதர்கள் கை வைக்கத் தடை போட்டு இரண்டு தலைமுறை ஆகிவிட்டது. பயமும் பேராசையும் பிடித்த ஜென்மங்கள் என்று நம்மை ஓரங்கட்டிவிட்டு, வாங்குவது விற்பது எல்லாவற்றையும் மதியன்கள் என்ற எந்திரங்களிடம் ஒப்படைத்தாயிற்று. நமக்கு மிஞ்சியது ஆராய்ச்சிதான்.

அதற்காகத்தான் காரைக்குடி தில்லைக்கரசி அங்கே போயிருந்தாள். ஒரு குடைக் கம்பெனி திவாலாகி, ஆலையில் பூட்டுத் தொங்குகிறது. பங்கு விலையோ தினமும் சிவப்பில் மின்னுகிறது. அந்த ஊரில் சிவப்பென்றால் ஏற்றம். காரணத்தைக் கண்டுபிடித்தால் நிரந்தர வேலை. இல்லாவிட்டால் விசா முடிந்ததும் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

மண்டையை உடைத்துக்கொண்டு கடைசியில் பிடித்துவிட்டாள். பங்கின் குறியீட்டெண்ணில் நான்கு எட்டுகள்! நம்மூரில் எட்டென்றால் சனி, அங்கே லட்சுமி. அலுவலக மதியன் ஷியாவோவுக்கு அவளே தமிழ் ஏற்றியிருந்தாள்.

“எட்டுல அப்படி என்னடா இருக்கு?”

“ஒண்ணுமில்லக்கா. நான் நம்பல. ஆனா மத்த மதியனெல்லாம் வாங்குறானே!”

மற்ற மதியன்களை விசாரித்தாள். அத்தனையும் அதே பாட்டு. தில்லைக்கரசி வயிறு வலிக்கச் சிரித்தாள். மனிதர்களின் பழைய வியாபாரத்தைப் பார்த்துப் படித்த புத்தி வேறெப்படி இருக்கும்!

வெள்ளிக்கிழமை காலை, பதினொரு மணிக்கு அறிக்கை தயார்.

“அனுப்பிடவாக்கா?”

“ஐயையோ, இரு! ராகு காலம். பன்னெண்டுக்கு மேல அனுப்பு.”

“ராகு எந்தக் கம்பெனிக்கா?”

“கம்பெனி இல்லடா, கிரகம். வெள்ளிக்கிழமை பத்தரைலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் நல்ல காரியம் எதையும் தொடக் கூடாதும்பாங்க.”

“நீங்க நம்புறீங்களா?”

“சேச்சே! நான் எங்க நம்புறேன்? எதுக்கு வம்பு?”

ஷியாவோ அதைக் குறித்துக்கொண்டது. ஒரு மதியனுக்குத் தெரிந்தது ஊரிலுள்ள எல்லா மதியன்களுக்கும் தெரிந்த மாதிரிதான்.

அறிக்கையை மேலிடம் மெச்சியது. அடுத்த வெள்ளிக்கிழமை நண்பகலோடு விசா முடிகிறது. அதற்குள் நியமன ஆணையில் ஷியாவோ முத்திரை வைத்துவிட்டால் போதும். ஆணை வந்து சேர்ந்தபோது மணி பத்தே முக்கால். சுவரிலிருந்த சந்தைத் திரையைப் பார்த்தாள். ஷாங்காய் முழுவதும் ஒரு பங்குகூடக் கைமாறவில்லை. ஷியாவோ முத்திரையை மேசை மேல் வைத்துவிட்டுச் சும்மா நின்றது.

“வச்சுத் தொலையேன்டா! ராகுவும் கிடையாது, கேதுவும் கிடையாது! எல்லாம் சுத்தப் பொய்!” அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

“தெரியும்க்கா, நானும் நம்பல” என்றது ஷியாவோ பரிவோடு. “எதுக்கு வம்பு?”