நைமாராவின் ஆண்டு பாஸ்

இடுப்பில் தொடங்கிய வலி, ஓட்டலில் பதினாறாவது அறையின் கட்டிலுக்குக் குனிந்தபோது முழங்கால்வரை இறங்கியிருந்தது. விரிப்பின் நான்கு மூலைகளையும் செருகிவிட்டு நிமிர முடியாமல், மெத்தை விளிம்பைப் பிடித்தபடி இவெலீஸ் நின்றாள். விருந்தினர் கட்டிலில் வேலைக்காரிகள் உட்காரக் கூடாது. மணி நாலு. ஏப்ரன் பைக்குள் போன் அதிர்ந்தது.

படம் வந்துவிட்டது.

கேளிக்கைப் பூங்காவின் படகுச் சறுக்கலில், படகு உச்சியிலிருந்து விழும் நொடியில் கேமரா தானாக எடுக்கும் படம். ஆண்டு பாஸ் உள்ளவர்களுக்கு இலவசமாகப் போனுக்கே வரும். முன்வரிசையில் நைமாரா. ஒன்பது வயது. ஈர முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. பள்ளிக்கூடத்து நீலச் சட்டை. பக்கத்து இருக்கை காலி.

மகளைப் புதைத்து ஐந்து மாதம் ஆகிறது.

முதல் படம் வந்த அன்று இவெலீஸ் அழுக்குத் துணி வண்டிக்குள் வாந்தியெடுத்தாள். தினமும் நாலு மணிக்கு ஒன்று வந்தது. பத்தாம் நாள், மணி எப்போது நாலாகும் என்று காத்திருந்தாள். புருஷனிடம் சொல்லவில்லை.

இன்று படத்துக்குக் கீழே ஒரு வரி கூடுதலாக இருந்தது. நைமாராவின் பாஸ் சனிக்கிழமையோடு முடிகிறது. இந்த ஆண்டு வருகை: 161.

துணி அறையில் கூட வேலை செய்யும் யடீரா துண்டு மடித்துக்கொண்டிருந்தாள்.

"பார்க் பாஸ் சனிக்கிழமை முடியுது. இன்னிக்கே புதுப்பிச்சிடலாமான்னு பார்க்கிறேன்" என்றாள் இவெலீஸ், யாருடைய பாஸ் என்று சொல்லாமல்.

"பைத்தியமாடி நீ? முடியறதுக்கு முன்னாடியே எவளாவது காசைக் கொட்டுவாளா? கெடக்கட்டும் விடு. மறுபடி எப்பப் போறியோ அன்னிக்குக் கவுன்ட்டர்ல எடு, அன்னிலேர்ந்துதான் புது வருஷம் ஆரம்பிக்கும். நடுவுல உள்ள நாளெல்லாம் உனக்கு லாபம். இந்தக் கிஸ்ஸிமி ஊர்ல நாங்க எல்லாருமே அப்படித்தான் பண்றோம்." யடீரா துண்டை உதறினாள். "ஆமா, இந்த இடுப்ப வச்சுக்கிட்டு நீ எந்த ராட்டினத்துல ஏறப் போற?"

வீட்டில் புருஷன் வில்ஃப்ரெடோ கூரை வேலையிலிருந்து கழுத்தெல்லாம் வெந்து வந்திருந்தான். படங்களைப் பற்றிச் சொல்லாமல், நைமாராவின் பாஸைப் புதுப்பிக்க வேண்டும் என்று மட்டும் அவள் சொன்னாள். பயறுச் சோற்றைக் கிளறிக்கொண்டே அவன் கேட்டான்.

"செத்த புள்ளைக்கு எதுக்கு பாஸ், இவி?"

அவள் தட்டை எடுத்துத் தேய்க்கத் தொடங்கினாள்.

"ஸ்கூல்லேருந்து கூப்பிட்டப்ப போயிருந்தா, அவளே போயிருப்பா பார்க்குக்கு."

அன்று பள்ளியிலிருந்து, நைமாராவுக்கு மூச்சு இழுக்கிறது, வந்து கூட்டிப் போங்கள் என்று அழைத்தார்கள். அப்போது ஆறு அறை மிச்சம். முடித்துவிட்டுத்தான் போனாள். பள்ளி வாசலில் பையை மடியில் வைத்துக்கொண்டு நைமாரா காத்திருந்தாள். அன்றிரவே போய்விட்டாள்.

சனிக்கிழமை கடந்தது. ஞாயிறு நாலு மணிக்குப் போன் அதிரவில்லை. அன்றிரவு இவெலீஸ் ஒன்பது மணி நேரம் தூங்கினாள். ஐந்து மாதத்தில் அப்படித் தூங்கியதில்லை. வெள்ளிக்கிழமை சம்பளம் வந்தது, பாஸுக்குப் போதுமான பணம் கையில் இருந்தது, பேருந்தும் இருந்தது. போகவில்லை. நாளைக்குப் பார்க்கலாம் என்றாள். மறுநாளும் அதையே சொன்னாள். தூக்கம் ருசித்துவிட்டது.

பாஸ் முடிந்த பத்தாம் நாள், காலி செய்த ஓர் அறையின் விரிப்பை உருவியபோது சோப்பும் வியர்வையும் அடிக்க வேண்டிய இடத்தில் வெயிலில் காய்ந்த தார் வாடையும், அதற்கடியில் வெந்து உரிகிற தோலின் வாடையும் எழுந்தன. அடுத்த அறையிலும் அதே வாடை, அதற்கடுத்ததிலும் அதே. தூசி உறிஞ்சும் வேக்குவத்தை நிறுத்தியபின் அதன் இரைச்சல் அடங்கிக் கடைசியில் ஒரு மெல்லிய விசிலாகக் கட்டிலின் மறுபக்கத்தில் மிஞ்சியது. இழுத்து. விட்டு. இழுத்து. அந்த விசிலை அவளுக்குத் தெரியும். வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்தினாள். புதுப்பிக்கப் போகவில்லை.

பதினேழாம் நாள் மணி நாலுக்குப் போன் அதிர்ந்தது.

படகு இல்லை. பூங்கா வாசலில், சுழல் கதவுக்கு மேலே இருக்கும் கேமராவின் படம். தொப்பிகள், தள்ளுவண்டிகள், ஐஸ்கிரீம் வழியும் கைகள். எல்லாரும் உள்ளே போகிறார்கள். ஒருத்தி மட்டும் வெளியே நிற்கிறாள். நீலச் சட்டை வெளுத்திருந்தது. முடி வைக்கோலாய்க் காய்ந்திருந்தது. உதடு பிளந்திருந்தது. மூக்கிலும் நெற்றியிலும் தோல் இல்லை. கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இவெலீஸ் ஏப்ரனோடு பேருந்துக்கு ஓடினாள்.

வானம் கறுத்திருந்தது. மழை விழவில்லை. கவுன்ட்டரில் இளம்பெண் ஒருத்தி சிரித்த முகத்தோடு பணத்தை வாங்கிக்கொண்டாள்.

"நைமாராவ விரல் வைக்கச் சொல்லுங்க மேடம்."

"அவ... வரல."

"வந்திருக்காங்களே."

இடுப்பு உயரத்தில் விசில். இழுத்து. விட்டு.

இவெலீஸ் குனிந்து பார்க்கவில்லை. முடியவில்லை. வலப்பக்கத்திலிருந்து ஒரு சின்னக் கை மேலே வந்தது. விரல் முட்டியில் தோல் சுருண்டு தொங்கியது. ஆள்காட்டி விரல் கண்ணாடித் தட்டில் அழுந்தியது.

பச்சை விளக்கு.

சுழல் கதவு ஒருமுறை சுற்றியது. யாரும் தெரியவில்லை. விசில் உள்ளே போய் மறைந்தது. இவெலீஸுக்கு மூச்சு வந்தது. திரும்பினாள்.

"எங்க கெளம்பிட்டீங்க மேடம்?"

"வீட்டுக்கு."

"அவங்க வெளிய நின்ன நாளுக்கு யாரு நிப்பா?"

அதே சிரிப்பு. கவுன்ட்டரின் அடைப்பு கீழே இறங்கியது.

கால் எழவில்லை. ஒரு குழந்தைத் தள்ளுவண்டி அவள்மேல் ஏறி அவளுக்குள் புகுந்து மறுபக்கம் போனது. குழந்தை அழவில்லை. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. கத்தினாள். சத்தம் வரவில்லை. ஏப்ரன் பைக்குள் வில்ஃப்ரெடோவின் அழைப்பு அடித்து அடித்து ஓய்ந்தது. கை போகவில்லை.

உள்ளே படகு உச்சியிலிருந்து விழும் ஓசை. தண்ணீர் சிதறல். நைமாராவின் சிரிப்பு.

மேகம் விலகியது. வெயில் நேராக முகத்தில் விழுந்தது. உதட்டில் முதல் பிளவு திறந்தது.

அவள் நிற்க வேண்டியது பதினேழு நாள். இன்று கணக்கில் சேராது.