முன்சீட்டில் இருந்தவள்

ஜெனில் கேட்டதற்கு அஜிஷா பதில் சொல்லவில்லை. ஆனாலும் பதில் வந்தது.

"மழென்னு வீட்டுல மொடங்கிக் கெடந்தா லீவு எதுக்காக்கும்? மழெயிலதான் கடலுக்கு அழகு. இல்லியா அஜி?"

"ம்."

பின்சீட்டில் ஜன்னலோரம் ஒண்டியிருந்த அஜிஷா நிமிர்ந்தாள். அவள் உதடுகளைப் பிரிக்கவே இல்லை. பாறசாலையில் கிளம்பிய கார் அமரவிளைக்குப் போயிருக்க வேண்டும். அங்கே கால் முறிந்து கிடக்கும் அப்பாவைப் பார்க்கத்தான் அவள் லீவு போட்டிருந்தாள். பாதி வழியில், ஒரு வார்த்தை கேட்காமல், புருஷன்காரன் ஜெனில் வண்டியைப் பூவார் ரோட்டில் திருப்பிவிட்டான். "உனக்க அப்பா எங்கயும் ஓடிர மாட்டாரு" என்று சிரித்தான். அவள் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, முன்கதவை அறைந்து சாத்திவிட்டுப் பின்னால் ஏறிக்கொண்டாள். அதையும் அவன் விளையாட்டாகத்தான் எடுத்துக்கொண்டான். கல்யாணமான நாள் முதல் இப்படித்தான். அவளுடைய கோபம் ஒருநாளும் அவன் காதில் விழுந்ததில்லை.

பூவாரைத் தாண்டியதும் மழை கனத்தது. தென்னைகள் கரைந்து சாம்பல் நிறக் கோடுகளாயின. கூரைத் தகரத்தில் நீர் அறைந்த சத்தத்துக்கும் சக்கரத்தடியில் சேறு பிளந்த சத்தத்துக்கும் நடுவே, காருக்குள் ஏதோ சொட்டிக்கொண்டிருந்தது. அழுகிய கடல்பாசியும் எண்ணெய் காணாத ஈரத் தலைமுடியும் கலந்த ஒரு வாடை, ஏசிக் காற்றோடு மெல்ல வந்து அவள் தொண்டையில் படிந்தது. அவள் காலி செய்துவிட்டு வந்த முன்சீட்டின் உறை மேலிருந்து கீழாகக் கறுத்து நனைந்துகொண்டே போனது.

"சாய குடிப்போமா?" என்றான் ஜெனில்.

"குடிப்போம்."

அவளுடைய குரல். அச்சு அசல் அவளுடைய குரல். ஆனால் அவள் ஒருநாளும் அவனிடம் பேசியிராத ஒரு குழைவு அதில் இருந்தது.

"அத்தான், அது நான் சொல்லல்ல."

அவன் திரும்பவில்லை. ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட்டபடி கருங்குளத்தில் ஒரு கடையோரம் நிறுத்தினான். அவன் இறங்கிய கையோடு அஜிஷா கதவை இழுத்தாள். திறக்கவில்லை. குழந்தைகள் ஏறினால் போடும் பூட்டு, உள்ளிருந்து திறக்காது. கண்ணாடியில் தட்டினாள். கடைக்காரி குடையோடு வந்து குனிந்தாள். பின்பக்கம் அவள் பார்வை வரவே இல்லை.

"அய்யோ, மோளு தலெ முழுக்க நனஞ்சிருக்கே!" என்று முன்சீட்டைப் பார்த்துச் சொல்லிவிட்டு, ஒரு சாயாவை உள்ளே நீட்டினாள்.

ஒரு கை அதை வாங்கியது. வெளுத்து ஊறிய விரல்கள்.

அஜிஷா போனை எடுத்து அப்பாவை அழைத்தாள்.

"அப்பா, நானாக்கும்."

மறுமுனையில் நீண்ட மூச்சு. "இப்பத்தானே மக்கா விளிச்ச? இனி இஞ்ச வரமாட்டேன், செத்தாலும் சொல்லி விடாண்டாம்னு நீதானே சொன்ன?" அப்பா அழுதுகொண்டிருந்தார். "போதும் மக்கா. நீ நல்லா இரு."

"அது நான் இல்லப்பா! அப்பா—"

தொடர்பு அறுந்தது. பயத்தை மீறி அவளுக்குள் ஏதோ கொதித்து எழுந்தது. புருஷன் கேட்காததைக் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அப்பாவை அழவைக்க இவள் யார்? ஜெனில் திரும்பி வந்து ஏறி வண்டி நகரும்போதே எட்டி, முன்சீட்டுத் தலைசாய்ப்பின் மேல் வழிந்த முடியை இரண்டு கைகளாலும் பற்றி இழுத்தாள். சில்லென்றிருந்தது. உள்ளங்கையில் மணல் நெருடியது. முடி கொத்தாகக் கையோடு வந்தது.

முன்னால் இருந்தவள் திரும்பவில்லை. "இன்னும் வேகமா போலாம்" என்றாள் ஜெனிலிடம்.

"இப்பத்தான் நீ எனக்க பெண்டாட்டி" என்று அவன் சந்தோஷமாக ஆக்சிலரேட்டரை மிதித்தான்.

அஜிஷா கத்தினாள். அவன் தோளில் குத்தினாள். சட்டைமேல் விழுந்த தூசியைத் தட்டுவதுபோல அவன் தோளைத் தட்டிக்கொண்டான்.

அடிமலைத்துறையில் ரோடு மணலில் முடிந்தது. கரையில் ஆளில்லை. கடல் எது, வானம் எது என்று தெரியவில்லை. எஞ்சினை நிறுத்தாமலே ஜெனில் இறங்கினான். மறுபக்கக் கதவும் திறந்து மூடியது.

அஜிஷா இருக்கைகளின் இடைவழியே உடம்பைத் திணித்து முன்னால் வந்தாள். கண்ணாடியில் வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு துடைப்பு. இரண்டு பேரும் கைகோத்து நடக்கிறார்கள்.

மழை மூடியது.

மறு துடைப்பு. முழங்கால் ஆழம். முன்சீட்டில் இருந்தவளின் கை அவன் கழுத்தைச் சுற்றியிருக்கிறது. ஒரு சுற்று இல்லை. இரண்டு சுற்று.

ஹாரனில் கையை வைக்கப் போனாள் அஜிஷா. வைக்கவில்லை. ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை. தெரிந்தது. கை அந்தரத்தில் நின்றது.

மறு துடைப்பு. மார்பு ஆழம். அவன் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறான்.

மூடியது.

ஒரு தலை மட்டும்.

அப்போதுதான் ஹாரனை அழுத்தினாள். அழுத்தினாள். அழுத்திக்கொண்டே இருந்தாள்.

அந்தத் தலை கரையைப் பார்த்துத் திரும்பியது.

மூடியது.

துடைத்தபோது கடலில் யாரும் இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஒரு சாண் தூரத்தில், அஜிஷாவின் முகம். நீர் வழிந்த, இமைக்காத முகம். வாய் திறந்தது. உள்ளிருந்து ஜெனிலின் குரல் வந்தது.

"எறங்கி வா அஜி. மழெ நல்லா இருக்கு."