சத்தமே வராத பெட்டி

ஆர்த்தி பொத்தானை அழுத்தினாள். கணினிப் பெட்டியின் முகப்பில் அரிசி அளவுக்கு ஒரு மஞ்சள் வெளிச்சம் எரிந்தது. திரை ஒளிர்ந்த பிறகுதான் அது ஓடுகிறது என்பதே தெரிந்தது. குனிந்து காதைப் பக்கப் பலகையில் ஒட்டவைத்துக் கேட்டாள். உள்ளே விசிறிகள் சுற்றிக்கொண்டிருந்தன. வெளியே ஒரு முணுமுணுப்புகூட வரவில்லை. தனியாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டாள்.

பிறகுதான் ஏரியைக் கவனித்தாள். அந்த அறையின் பின்சுவரை ஒட்டியே தண்ணீர். கல்யாணமாகி இந்தக் குப்பத்துக்கு வந்த நாளிலிருந்து, கரைக்கல்லில் அலை வந்து தட்டும் அந்தச் சளக் சளக் சத்தத்தை அவள் கேட்காத நேரம் கிடையாது. இப்போது கேட்கவில்லை. ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். தண்ணீர் ஆடிக்கொண்டுதான் இருந்தது. சின்ன அலைகள் கல்லில் மோதி உடைந்தன, நுரைத்தன, பின்வாங்கின. சத்தம் மட்டும் இல்லை.

கூடத்தில் அவள் கணவன் மோகன்குமார் ரேடியோவைப் போட்டான். பாட்டு வந்தது. அதனோடு அலையும் வந்தது, யாரோ மூடியிருந்த கதவைத் திறந்ததுபோல.

"இன்னா, ஆன் பண்ணிட்டியா?" என்றபடி உள்ளே வந்தான்.

"பண்ணி எவ்ளோ நேரமாவுது. உனக்கு எதுனா கேக்குதா?"

"ஒண்ணும் கேக்கல."

"அதான்!" என்று கைதட்டினாள்.

அவன் சிரிக்கவில்லை. பெட்டியைச் சுற்றிவந்து பார்த்தான். தேக்கு நிறத்தில் மர முகப்பு, கறுப்பு உடம்பு, ஒரு ஒயர்கூட வெளியே தெரியாத முதுகு. அழகாகத்தான் இருக்கிறது என்றான். பிறகு, "கொஞ்சங்கூட சத்தம் வராதா இதுல?" என்று கேட்டான்.

"வரக்கூடாதுன்னுதானே இவ்ளோ பாடு பட்டேன்."

அவன் தலையை ஆட்டிவிட்டுக் கூடத்துக்குப் போனான். ரேடியோ இன்னும் கொஞ்சம் உரக்கக் கேட்டது.

ஆர்த்தி மீஞ்சூர்க்காரி. சென்னையில் உள்ள ஒரு நிறுவனத்துக்காகக் கதைப் புத்தகங்களை வாசித்துப் பதிவுசெய்து அனுப்புவது அவளுடைய வேலை. கல்யாணத்துக்குப் பிறகும் அந்த வேலையை விடவில்லை. பழவேற்காட்டில் படகேறி, பசியாவரத்தைத் தாண்டி வரவேண்டிய இந்தக் குப்பத்தில், கடைசி வீட்டின் பின்னறையில் பழைய கம்பளிகளையும் முட்டை அட்டைகளையும் சுவரெங்கும் அடித்து ஒலிப்பதிவு அறை ஒன்றை உண்டாக்கிக்கொண்டாள். கெடுத்தது பழைய கணினிதான். அதன் விசிறி இரைந்த இரைச்சலில், அவள் வாசித்த காதல் காட்சிகூட மாவு மில்லில் நடப்பதுபோல் இருந்தது. அதைத் திருத்தாவிட்டால் அடுத்த நாவல் வேறு ஆளுக்குப் போய்விடும் என்று அங்கே பதிவுகளைச் சரிபார்க்கும் தனசேகர் சொல்லிவிட்டார்.

எனவே அவளே ஒன்றைக் கட்டினாள். வீடியோக்களைப் பார்த்துப் பார்த்துக் கற்றாள். சென்னை ரிச்சி தெருவில் அலைந்து பாகங்களை வாங்கி, ரயிலிலும் பஸ்ஸிலும் படகிலும் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தாள். மெதுவாகச் சுற்றும் பெரிய விசிறிகள், அதிர்வு பெட்டிக்கு ஏறாமல் அவற்றுக்கு ரப்பர் ஆணிகள், சுற்றவே சுற்றாத சேமிப்புத் தகடு, உள்பலகைகளில் கனமான கம்பளித் துணி. உப்புக்காற்று உள்ளே போய்த் தகரத்தை அரிக்காமல் இருக்கக் காற்று நுழையும் இடமெல்லாம் மெல்லிய வலை. கரண்ட் போனால் கத்தும் யுபிஎஸ்ஸைக்கூடப் பிரித்து அதன் விசிலைப் பிடுங்கினாள். ஒவ்வொரு சத்தமாகத் தேடித் தேடி அடக்கினாள்.

மிச்சமிருந்தது ஊர்ச் சத்தம். இந்தக் குப்பத்தில் எந்த வீடும் சும்மா இருப்பதில்லை என்பதை அவள் வந்த புதிதிலேயே கவனித்திருந்தாள். ஆள் இல்லாத வீட்டிலும் டிவி ஓடும். பூட்டிய கதவுக்குப் பின்னால் ரேடியோ பாடும். கரண்ட் போனால் பிள்ளைகள் தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து அடிப்பார்கள், பெரியவர்கள் ஒருவருக்கொருவர் தேவையில்லாமல் உரக்கப் பேசுவார்கள். விளையாட்டு என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

"நீ ஏரிக்குப் போறப்ப ரேடியோவ நிறுத்திட்டுப் போயேன்" என்று மோகன்குமாரிடம் கேட்டாள். "நான் ரெக்கார்ட் பண்ணணும் இல்ல?"

"அது பாட்டுக்குக் கூடத்துல ஓடட்டுமே."

"மைக் இழுக்குதுய்யா."

"வூட்ட சும்மா வுடக்கூடாது, ஆர்த்தி."

"வுட்டா இன்னா ஆவும்?"

அவன் மடியில் கிடந்த மீன்வலையின் முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தான். "நான் பொறந்ததுலர்ந்து இப்படித்தான். இன்னா ஆவும்னு நைனாவ நான் கேட்டதில்ல. அவரும் சொன்னதில்ல."

பக்கத்து வீட்டுக் கோமளா கொஞ்சம் அதிகமாகச் சொன்னாள். இறால் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு படகுத்துறைக்குக் கிளம்பியவள், தன் வீட்டு டிவியின் சத்தத்தைக் கூட்டிவைத்துவிட்டு ஆர்த்தியின் வாசலில் நின்றாள்.

"உன் பொட்டி சத்தமே போடாதாமே. மோகன் சொல்லிச்சி."

"ஆமாங்க்கா."

"அந்தாண்ட கூரை இல்லாத வூடு இருக்குதில்ல, அது ஜெகதீஸ்வரன் வூடு. பொண்டாட்டி போன துக்கத்துல, எந்தச் சத்தமும் வாணாம்னு எல்லாத்தையும் அணைச்சிட்டு உள்ள உக்காந்துக்கினாரு. நாங்க கதவ ஒடச்சிப் பாக்கறப்ப உயிரோடத்தான் இருந்தாரு. இப்பவும் பொன்னேரில தங்கச்சி வூட்டுலதான் இருக்காரு." கோமளா கூடையைச் சரிசெய்தாள். "வாயத் தொறந்து பேசறாரு, ஆர்த்தி. ஒதடு ஆடுது, தொண்டை ஆடுது. சத்தந்தான் வரல. செருப்பத் தேய்ச்சி நடந்தாலும் சத்தம் வரல."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ஆர்த்தி அன்று ரேடியோவை அணைக்கவில்லை. மறுநாள் அணைத்தாள். நாவல் காத்திருந்தது. மோகன்குமார் போடுவான், அவன் படகு கண்ணுக்கு மறைந்ததும் அவள் அணைப்பாள், அவன் திரும்பும் நேரத்துக்கு மறுபடி போட்டுவைப்பாள். அந்தப் பொய் அவளை உறுத்தியது. ஆனால் பதிவுகள் நன்றாக வந்தன. அவ்வளவு நன்றாக வந்ததால்தான் தனசேகர் போனில் கூப்பிட்டார்.

"மேடம், வாக்கியத்துக்கு நடுவுல சத்தத்தை எல்லாம் வெட்டி எடுக்கறீங்களா?"

"இல்லையே சார்."

"எவ்வளவு நல்ல ஸ்டூடியோவா இருந்தாலும் அறைன்னு ஒரு சத்தம் இருக்கும் மேடம். காத்து, சுவரு, நீங்க மூச்சு விடறது. மொதல் அத்தியாயத்துல அது இருந்துச்சு. போகப்போகக் குறையுது. நேத்து அனுப்பினதுல சுத்தமா இல்ல. திரையில சத்தத்தைக் காட்டற கோடு அப்படியே தரையில படுத்துக் கிடக்குது. கேக்கவே ஒரு மாதிரி இருக்கு, ஹெட்போனைக் கழட்டிட்டேன். வெட்டாதீங்க, ப்ளீஸ்."

அவள் எதையும் வெட்டவில்லை. பழைய பதிவுகளைத் திறந்து வரிசையாகப் பார்த்தாள். அவள் பேசும் இடங்களில் மலைபோல எழுந்து இறங்கிய கோடு, பேச்சுக்கு இடையில் மெல்லிய மயிரிழையாக நடுங்கியது. ஒவ்வொரு நாளும் அந்த நடுக்கம் தேய்ந்துகொண்டே வந்து, நேற்றைய பதிவில் இல்லாமலே போயிருந்தது. மூச்சு இழுக்கும் ஓசைகூட இல்லை. மைக்குக்கு அப்பால் இருந்த ஏதோ ஒன்று நாளுக்கு நாள் நெருங்கி வந்ததுபோல இருந்தது அது. மைக் கெட்டிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். உப்புக்காற்று.

கடைசி அத்தியாயம் மிச்சமிருந்த பகலில் வானம் இருண்டது. மோகன்குமாருக்கு அன்று ஏரியில் வலைபோடும் முறை, விடிவதற்கு முன்பே போயிருந்தான். கோமளா பழவேற்காட்டில் இருந்தாள், அவள் டிவி மட்டும் சுவருக்கு அப்பால் பேசிக்கொண்டிருந்தது. வாடைக்காற்று ஈரச் சேற்றின் நாற்றத்தையும் கருவாட்டு நாற்றத்தையும் ஜன்னல் இடுக்கில் தள்ளியது. மழை ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் மணலை வாரி இறைப்பதுபோல விழத் தொடங்கியபோது, இந்தச் சத்தத்தில் வாசிக்க முடியாது என்று நினைத்தாள். இருந்தும் ரேடியோவை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். மைக் மழையை எவ்வளவு இழுக்கிறது என்று பார்க்கத்தான்.

கரண்ட் போனது. பெட்டி நிற்கவில்லை, விசில் பிடுங்கிய யுபிஎஸ் அதைத் தாங்கிக்கொண்டது. கோமளாவின் டிவி பாதி வார்த்தையில் நின்றது. தெரு முழுக்க வீடுகள் ஒரேயடியாக அடங்கியதை ஹெட்போன் வழியே கேட்டாள். உடனே தூரத்தில் தட்டடிக்கும் சத்தம். பிள்ளைகளின் கூச்சல். யாரோ படகு எஞ்சினைக் கிளப்பினார்கள். எல்லாம் தெருவின் அந்தக் கோடியில். அவள் வீடு இந்தக் கோடியில்.

தட்டுச் சத்தம் மெலிந்தது.

கூச்சல் மெலிந்தது.

மழை நின்றுவிட்டது என்று நினைத்துத் தலையைத் திருப்பினாள். ஜன்னலுக்கு வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. கூரை விளிம்பிலிருந்து தண்ணீர் கயிறு கயிறாக இறங்கி, கீழே கிடந்த தகர வாளியில் விழுந்து தெறித்தது. சத்தமில்லாமல்.

ஹெட்போனைக் கழற்றினாள். வித்தியாசம் தெரியவில்லை.

"யாரு?" என்றாள். உதடு ஆடியது. தொண்டை அதிர்ந்தது. திரையில் கோடு அசையவில்லை.

மேசையில் இருந்த எவர்சில்வர் டம்ளரைத் தரையில் எறிந்தாள். அது எகிறி, சுழன்று, சுவரோரம் உருண்டு நின்றது. பஞ்சு விழுந்ததுபோல. கத்தினாள். தொண்டை எரியும்வரை கத்தினாள். கோடு படுத்தே கிடந்தது. கூடத்துக்கு ஓடி ரேடியோவின் பேட்டரிப் பொத்தானைத் தட்டி, சத்தத்தை முழுக்கத் திருகினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. ஒலிபெருக்கியின் மேல் உள்ளங்கையை வைத்தாள். உள்ளே யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள். கைக்குத் தெரிந்தது. அந்தத் துடிப்பும், அவள் கை வைத்திருக்கும்போதே, அடங்கிக்கொண்டே வந்தது.

வாசல் பக்கம் திரும்பினாள். வாசற்கதவின் அடியில் ஓடிவந்துகொண்டிருந்த மழைத் தண்ணீர், நிலைப்படிக்கு உள்ளே ஓரிடத்தில் பிரிந்து, எதையோ சுற்றிக்கொண்டு வந்து மறுபடி சேர்ந்தது.

அங்கே ஒன்றும் இல்லை. வெறும் தரை.

பின்னறைக்கே பின்வாங்கினாள். கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். ஜன்னலுக்கு ஓடினாள்.

ஏரியில் மோகன்குமாரின் பைபர் படகு வந்துகொண்டிருந்தது. எஞ்சின் புகை தெரிந்தது. அவன் எழுந்து நின்று, அலுமினியக் குண்டானைத் துடுப்புக் கட்டையால் வெறிபிடித்தவன்போல அடித்துக்கொண்டிருந்தான். வாய் அகலத் திறந்திருந்தது. அவள் பெயரைத்தான் கத்துகிறான் என்று உதட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். கம்பிகளுக்கு இடையில் கையை விட்டு ஆட்டினாள். அவன் பார்த்துவிட்டான். வேகமாக வந்தான். கரைக்கல்லை நெருங்கினான். முகத்தில் மழை வழிவதுகூடத் தெரியும் தூரம்.

அப்போது அவன் பார்வை அவளை விட்டு நகர்ந்தது. அவள் தோளுக்குப் பின்னால், அறைக்குள்.

அடிப்பதை நிறுத்தினான்.

குண்டான் கையிலிருந்து தண்ணீரில் விழுந்தது. கண்ணை எடுக்காமல் மெதுவாகப் படகின் அடியில் உட்கார்ந்தான். இரண்டு கைகளாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டான். பிறகு அவளைப் பார்த்து மிக மெல்லத் தலையை ஆட்டினான். வேண்டாம். அசையாதே.

அவள் அசையவில்லை. தலையை மட்டும், கொஞ்சம் கொஞ்சமாக, உள்ளே திருப்பினாள்.

தாழ் போட்டபடியே இருந்தது. மஞ்சள் வெளிச்சம். மேசை. மைக். காலி நாற்காலி. அதன் மெத்தை நடுவில் அழுந்தியிருந்தது.

திரையில் கோடு எழுந்தது. மெதுவாக உப்பியது. மெதுவாக இறங்கியது. மறுபடி உப்பியது. தூங்குகிறவரின் மார்புபோல.

அவள் மூச்சை அடக்கினாள்.

கோடு எழுந்தது. இறங்கியது.

இன்னும் அடக்கினாள். காதுக்குள் ரத்தம் முட்டியது. கண் இருட்டியது. தாங்க முடியாமல், இரண்டு உதடுகளுக்கு நடுவே ஒரு நூலளவு காற்றை இழுத்தாள்.

கோடு நின்றது.

நாற்காலி அவள் பக்கமாகத் திரும்பியது.