மருந்துப் பலகை

மழைக்கு மரம் உப்பும். அகலத்தில் உப்பும், கனத்தில் உப்பும், கதவாக இருந்தால் நிலையில் சிக்கிக்கொண்டு ஆசாரியின் மானத்தை வாங்கும். ஆனால் நீளத்தில் மட்டும் வளராது. உளி பிடித்த நாளிலிருந்து முருகையா நம்பிவந்த விஷயங்களில் இது முதலாவது. சாமிகூட இதற்குப் பிறகுதான். அதனால், தோட்டத்து ஆட்கள் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகும் ஆயாக் கொட்டகையின் முன்தாழ்வாரத்தில் அவன் கட்டியிருந்த பலகை மேடையில், வேலிப்பக்கம் போட்ட கடைசிப் பலகை மற்றவற்றைத் தாண்டி ஒரு விரற்கடை வெளியே நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது, அவன் முதலில் தன் கண்ணைத்தான் சந்தேகப்பட்டான்.

முதலில் பார்த்தது அவன்கூட இல்லை. தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் பெரிய கிராணி துரைசிங்கம் குடையைப் பிடித்துக்கொண்டு வந்தவர், குனிந்து பார்த்துவிட்டு ஆளனுப்பிக் கூப்பிட்டார்.

"முருகையா, உன்ர அளவு பிழைச்சுப் போச்சோ? பிள்ளையள் தடக்கி விழப்போகுதுகள்."

கயிறு கட்டி, கோடு போட்டு, எல்லாப் பலகையின் முனையையும் ஒரே நேராக அறுத்தவன் அவன். அது நடந்து இரண்டு வருஷத்துக்கு மேலாகிறது. அளவு பிழைத்திருக்க வழியில்லை. ஆனாலும் ரம்பத்தை எடுத்து வந்தான். நீட்டிக்கொண்டிருந்ததை அறுத்தபோது தூள் உலர்ந்து உதிரவில்லை. நேற்றுச் சாய்த்த மரத்தை அறுத்தது போல ஈரமாய்ப் பிசுபிசுத்து விரலில் ஒட்டியது. செம்புப் பானையில் களிம்பேறினால் ஒரு நெடி வருமே, அந்த நெடி. அறுத்த முனையில் கரையான் மருந்தைப் பூசிவிட்டு வீட்டுக்குப் போனான்.

அந்தப் பலகை எந்தப் பலகை என்று அவனுக்குத் தெரியும்.

காட்டுக்குள் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்கு ரப்பர்த் தோட்டத்து ஆட்கள் அரிசி கொடுத்துவிடுவார்கள் என்று பயந்து, சிதறிக் கிடந்த லய வீடுகளை எல்லாம் பிரித்து ஒரே இடத்தில் கட்டி, சுற்றிலும் முள்கம்பி வேலி போட்ட காலம் அது. ரெம்பாவ் பக்கத்து மற்றத் தோட்டங்களைப் போல இங்கேயும் வேலிக்குள் வந்த நிலம் தாழ்வான சதுப்பு நிலம். ஆயாக் கொட்டகையில் விடப்பட்ட குழந்தைகள் ஈரத் தரையில் படுத்துப் படுத்து இருமின. தரையிலிருந்து உயர்த்தி ஒரு மேடை போடச் சொல்லிவிட்டார் வெள்ளைக்காரத் துரை. அதற்கென்று லாரியில் வந்தது கெம்பாஸ் என்ற காட்டு மரத்துப் பலகை. இரும்புக் கொப்பரைக்குள் அடைத்து, அழுத்தம் கொடுத்து, மரத்தின் உள்வரைக்கும் மருந்தை ஏற்றியிருக்கிறார்களாம். ஐம்பது வருஷம் மண்ணில் கிடந்தாலும் மக்காது என்றார் கிராணி. முருகையா நம்பவில்லை. ஒரு துண்டை எடுத்துக் கரையான் புற்றின் மேல் போட்டுப் பார்த்தான். மறுநாள் கரையான்கள் அதைச் சுற்றிக்கொண்டு போயிருந்தன, தொடக்கூட இல்லை. அன்று அவனுக்கு அந்த மரத்தின் மேல் ஒரு மரியாதை வந்தது. அந்த மரியாதைதான் அவன் குடியைக் கெடுத்தது.

மேடை பாதி எழும்பியிருந்தபோது வீட்டில் பஞ்சு என்று கூப்பிடும் அவன் மகள் பஞ்சாலைக்குக் காய்ச்சல் கண்டது. நாலு முடிந்து ஐந்து நடந்துகொண்டிருந்த பிள்ளை. பொழுது சாயும் நேரத்தில் உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. வேலிக் கேட்டைப் பூட்டியாயிற்று, இனி விடிந்தால்தான் திறப்பார்கள். முருகையா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டுக்குப் போனான். காவலுக்கு நின்ற ஸ்பெஷல் போலீஸ் மலாய்க்காரப் பையன். கண் கலங்கியதே தவிர கை பூட்டுக்குப் போகவில்லை. சார்ஜன் வரவேண்டும், சாவி அவரிடம் என்றான். முருகையா இரவெல்லாம் கேட்டிலேயே நின்றான். விடியும் முன்னே, கூடவே நின்ற மனைவி வள்ளிநாயகி பிள்ளையின் கழுத்தைத் தொட்டுப் பார்த்து, "காச்ச விட்டுருச்சுங்க, சில்லுன்னு இருக்கு" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் அவனுக்குச் சோறு இறங்காது.

சின்னப் பிள்ளைகளை எரிப்பதில்லை. தாயின் சேலையில் சுற்றி, பெட்டியில்லாமல், மண்ணிலேயே படுக்க வைப்பார்கள். மண் உடம்பைத் தொட வேண்டும். தொட்டால்தான் பிள்ளை கரைந்து போகும். போனால்தான் அதே வயிற்றுக்குத் திரும்பி வரும். தோட்டத்தில் இது தெரியாதவர்கள் இல்லை. முருகையாவுக்கும் தெரியும். ஆனால் வேலிக்கு வெளியே, காட்டோரச் சுடுகாட்டில், காலையில் போய்க் குழி வெட்டியவன் அவன்தான். குழியின் நாலு பக்கமும் வெள்ளை வெள்ளையாய்க் கரையான் நெளிந்ததைப் பார்த்தவனும் அவன்தான். நேராகப் பட்டறைக்கு வந்தான். மருந்துப் பலகைகளை எடுத்தான். பிள்ளையின் அளவுக்கு ஒரு பெட்டி செய்தான், தண்ணீர் புகாதபடி இழைத்துச் சேர்த்து, உள்ளும் புறமும் மருந்து பூசி. மூடிக்கு ஒரு பலகையில் பாதி போதுமாயிருந்தது. மறுபாதிதான் பிறகு மேடையின் கடைசி வரிசைக்குப் போனது.

வள்ளிநாயகியின் அண்ணன் மாயாண்டி மட்டும்தான் கூட வந்தான். பெட்டியைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டான்.

"வேணாம் மச்சான். பச்சப் புள்ள. மண்ணு தொடணும்."

"கரையான் திங்கவா பெத்தேன்?" என்றான் முருகையா. மாயாண்டி பிடித்த கையை விட்டான். கொஞ்ச நாளில் மந்தின் பக்கம் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டான். வள்ளிநாயகியிடம் இருவருமே சொல்லவில்லை.

வேறு எந்தத் தகப்பனுக்கும் இந்தத் தப்பைச் செய்யத் தெரிந்திருக்காது. பாசம் எல்லாருக்கும் உண்டு. பாசத்தோடு கைவேலையும் மருந்துப் பலகையும் சேர்ந்தால்தான் இது முடியும்.

அதன்பிறகு வள்ளிநாயகிக்கு இரண்டு முறை தங்கிக் கலைந்தது. இப்போது மூன்றாவது, ஏழாம் மாதம். பஞ்சுதான் வருகிறாள் என்று அவள் முடிவே கட்டிவிட்டாள். பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுக்கப் போகும்போதும் வயிற்றோடு பேசிக்கொண்டே போவாள், வாளி கனக்கிறது பஞ்சு, கொஞ்சம் பொறு பஞ்சு என்று. கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். முருகையாவும் சிரிப்பான். சிரித்துவிட்டுப் பட்டறைக்குப் பின்னால் போய் நின்றுகொள்வான்.

ஒரு மாதம் போவதற்குள் பலகை மறுபடி நீண்டிருந்தது. அறுத்தான். மறுபடி நீண்டது. மற்றப் பலகைகள் எல்லாம் ஒழுங்காகத்தான் கிடந்தன, ஆணி அகலத்துக்கு இடைவெளி விட்டு அவன் வைத்தது வைத்தபடி. அது ஒன்றுதான் வேலியை நோக்கி, வேலிக்கு அப்பால் இருந்த காட்டை நோக்கி, கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் வளர்வதுபோல. தினமும் பார்த்தால் தெரியாது. ஒருநாள் பார்த்தால் சட்டை பற்றாமல் இருக்கும்.

ஒரு சாயங்காலம் குழந்தைகள் எல்லாம் வீட்டுக்குப் போன பிறகு அவன் மேடைக்குக் கீழே ஊர்ந்து போனான். தாங்குகட்டையில் ஆணி கழன்றிருக்கும், அதனால்தான் பலகை சரிகிறது என்று தனக்குத்தானே ஒரு சமாதானம். மழை விட்டிருந்தாலும் கூரை சொட்டிக்கொண்டிருந்தது. மேலேயிருந்து பலகை இடுக்குகளின் வழியாகக் கோடு கோடாய் விழுந்த வெளிச்சத்தில் ஈரமண்ணும், குழந்தைகள் தவறவிட்ட சோற்றுப் பருக்கையும், அழுகிய ரப்பர்க் கொட்டைகளும் தெரிந்தன. மூத்திர வாடை, புகை வாடை, அவற்றுக்கெல்லாம் மேலே அந்தக் களிம்பு நெடி. மல்லாந்து படுத்துக் கடைசிப் பலகையின் அடியைத் தடவினான். ஆணிகள் கழலவில்லை. எல்லா ஆணியும் ஒரே பக்கமாய் வளைந்திருந்தன. பலகை அவற்றை இழுத்துக்கொண்டு போயிருந்தது.

கையை எடுக்கப் போனபோது சத்தம் கேட்டது.

மரம் முனகும் சத்தம் அவனுக்குத் தெரியும். வெயில் தாழ்ந்தால் பலகை சடசடக்கும், சுருங்கும். இது அது இல்லை. இடம் போதாத பாயில் தூங்குகிற பிள்ளை, புரள முடியாமல் புரண்டு, பல்லை நறநறவென்று கடிக்கிற சத்தம். மேலேயிருந்து வரவில்லை. மரத்துக்குள்ளிருந்து. தூரத்திலிருந்து. மரத்தின் மறுமுனை எங்கேயோ இருப்பதுபோல. நின்றது. பிறகு மறுபடி. நற. நற. அவன் உள்ளங்கைக்குக் கீழே பலகை மெதுவாய் அசைந்தது.

வெளியே எப்படி வந்தான் என்று அவனுக்கு நினைவில்லை. முழங்கை கிழிந்து ரத்தம் ஒழுகியிருந்தது. அதைக்கூட வள்ளிநாயகிதான் பார்த்துச் சொன்னாள்.

இரண்டு நாள் கழித்து அவளுக்குச் சொட்டுச் சொட்டாய் ரத்தம் பட்டது. ஆயாக் கொட்டகை ராக்கம்மாதான் தோட்டத்துக்கு மருத்துவச்சி. வந்து வயிற்றைத் தடவிப் பார்த்தவள், வள்ளிநாயகியைக் காலை உயர்த்திப் படுக்கச் சொல்லிவிட்டு, முருகையாவைச் சமையல் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப் போனாள்.

"மூத்தத எப்படிப்பா அடக்கம் பண்ணுன?"

அவன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்.

"பொட்டியில வச்சேன்க்கா. மருந்துப் பலகையில."

ராக்கம்மா வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பினாள். திட்டியிருந்தால் நன்றாயிருக்கும் என்று அவனுக்குத் தோன்றியது.

"மொதல்ல ஒருத்தி கெளம்பணும்லா, அப்புறந்தானே மறுவாட்டி வர முடியும்" என்றாள் கடைசியில். "போ. தொறந்து மண்ணத் தள்ளிட்டு வா. இந்தப் புள்ளயாவது நிக்கட்டும். அவகிட்ட நான் சொல்ல மாட்டேன்."

சமாதி சரிந்துவிட்டது, சரிபண்ண வேண்டும் என்று சொல்லிக் கிராணியிடம் அனுமதி கேட்டான். துரைசிங்கம் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு வேறொன்றும் கேட்காமல் சார்ஜனிடம் பேசிக் கொடுத்தார். மதியச் சோற்றுக்குப் பிறகு ஒரு ஸ்பெஷல் போலீஸ் துணையோடு போய், கேட் மூடுவதற்குள் வந்துவிட வேண்டும். கேட்டில் அவன் மண்வெட்டியை வாங்கிப் பார்த்து, மடியில் அரிசி இருக்கிறதா என்று தடவினார்கள். மடியில் ஒன்றுமில்லை. கடப்பாரையை மட்டும் எதற்கு என்று கேட்டார்கள். கல் பெயர்க்க என்றான்.

பழைய ரப்பர் மரங்களைத் தாண்டும்போதே வானம் மூடிக்கொண்டது. துணைக்கு வந்தவன் சுடுகாட்டு எல்லையில் ஒரு மரத்தடியில் துப்பாக்கியோடு உட்கார்ந்துவிட்டான். அவன் கண் காட்டின் மேலேயே இருந்தது. மழை இறங்கியது. பட்டப்பகல் கருகிப்போய், லாலான் புல்லும் மண்மேடுகளும் ஒரே நிறமாயின. முருகையா பஞ்சுவின் தலைமாட்டில் நட்டிருந்த செம்பருத்தியைத் தேடிக் கண்டுபிடித்து, பக்கத்தில் மண்டியிட்டு, "அப்பா வந்துட்டேம்மா" என்றான். பிறகு வெட்டத் தொடங்கினான்.

மண் இளகிக் கிடந்தது. வெட்ட வெட்டக் குழிக்குள் தண்ணீர் ஊறியது. கொஞ்ச நேரத்தில் மண்வெட்டி மரத்தில் இடித்தது. கையாலேயே சேற்றை வழித்தான். பெட்டி இருந்தது. பூஞ்சை இல்லை, சொத்தை இல்லை. இழைப்புளி ஓட்டிய தடம்கூட அழியாமல். மூச்சைப் பிடித்துக்கொண்டு தலைமாட்டிலிருந்து கால்மாடுவரைக்கும் சாண் போட்டு அளந்தான். மறுபடியும் அளந்தான்.

பெட்டி வளரவில்லை. அவன் செய்த அளவே இருந்தது.

இத்தனை நாளும் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது சட்டென்று இறங்கியதுபோல இருந்தது. குழிக்குள் நின்றபடியே வாய்விட்டு அழுதான். எல்லாம் தன் பயம்தான். மரம் மரம்தான். உள்ளே கொஞ்சம் எலும்பிருக்கும், ஒரு சேலை இருக்கும். எடுத்து மண்ணில் வைத்துவிட்டால் பிள்ளை கிளம்பிவிடுவாள். வள்ளிநாயகியின் வயிறு நிற்கும். மழையோடு மழையாய் முகத்தைத் துடைத்துக்கொண்டு மூடியைப் பார்த்தான்.

ஆணிகள் பாதி எழும்பி நின்றன.

மூடி நடுவில் மேலே வளைந்திருந்தது. ஈரம் வளைக்கும், என்று சொல்லிக்கொண்டான். ஈரம்தான். கடப்பாரையை நுழைத்து நெம்பினான். ஒரு ஆணி. இன்னொன்று. கடைசி ஆணிக்குக் கடப்பாரை தேவைப்படவில்லை. தானாய் வந்தது.

மூடியை எடுத்தான்.

நாற்றமில்லை. மருந்து நெடி மட்டும்.

முதலில் தெரிந்தது முடி. பெட்டி முழுக்க முடி. மூலைகளில் அடைந்து, சுருண்டு. அதை விலக்கினான். சேலை நைந்து கிழிந்திருந்தது. அதற்குள் இரண்டு முழங்கால்கள், மோவாயோடு ஒட்டி மடங்கி. பள்ளிக்கூடத்துக்குப் போகிற வயதுப் பிள்ளையின் முழங்கால்கள். பாதங்கள் கால்மாட்டுப் பலகையில் இடித்து, விரல்கள் உட்புறமாய்ச் சுருண்டிருந்தன. தலைக்கு இடமில்லாமல் கழுத்து சாய்ந்து, மூடி அழுத்திய பக்கம் கன்னம் தட்டையாய் இருந்தது. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. பால்பற்களோடு போனவள். முன்னால் இப்போது இரண்டு பெரிய பற்கள் முளைத்திருந்தன.

அழுகவில்லை. போகவில்லை. அவன் கொடுத்த இடத்தில் முடிந்தமட்டும் வளர்ந்திருந்தாள்.

மழை பெட்டிக்குள் விழுந்தது. மரத்தடியிலிருந்து அந்த ஸ்பெஷல், நேரமாகிறது என்று கூப்பிட்டான். முருகையா மூடியைக் கையில் பிடித்தபடி நின்றான். மூடவும் முடியவில்லை, கீழே போடவும் முடியவில்லை.

மடங்கியிருந்த முழங்கால்கள், மேலே இடம் கிடைத்ததும், மெல்ல நீளத் தொடங்கின.